ஆர்லாண்டோவில் திருப்பி அனுப்பப்பட்டவர் யாருக்குச் சாட்சி?

செம்பருத்தி: 2002-ல் அமெரிக்கா 'என்சீர்ஸ்' என்றொரு பதிவுத் திட்டம் கொண்டுவந்தது. 25 நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வந்திருந்த ஆண்கள் நேரில் போய்க் கைரேகை, புகைப்படம், விசாரணை எல்லாம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் முஸ்லிம் நாடுகள், ஒப்புக்கு ஒரு வட கொரியா. 80,000 பேருக்கு மேல் பதிந்தார்கள். 13,000 பேருக்கு மேல் நாடுகடத்தல் நடவடிக்கை. பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

பட்டாளத்தான்: செப்டம்பர் 11 தாக்குதல் நடத்திய 19 பேரும் விசா வாங்கி வந்தவர்கள்தான் சார். 2001 ஆகஸ்டில் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் அல் கஹ்தானி என்ற சவூதிக்காரர் இறங்கினார். திரும்பிப் போக டிக்கெட் இல்லை, கேட்டதற்கு ஒழுங்கான பதிலும் இல்லை. குடிவரவு அதிகாரி திருப்பி அனுப்பினார். அவரை அழைத்துப்போக வந்திருந்தவர் அந்த விமானக் கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டா என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குள் யாரை விடுவது என்பது வீட்டுக்காரன் இஷ்டம்.

செம்பருத்தி: நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், அது என் பக்கம்தான் பேசுகிறது. சவூதிக்காரரைத் திருப்பினால் மேலிடத்தில் சிக்கல் வரும் என்று சக ஊழியர்கள் எச்சரித்தும், ஆளின் பேச்சையும் நடத்தையையும் பார்த்து அந்த அதிகாரி முடிவெடுத்தார். என்சீர்ஸ் பார்த்தது பாஸ்போர்ட்டின் நாட்டை. தானாக வந்து வரிசையில் நிற்பவனா குண்டு வைப்பான்? லாஸ் ஏஞ்சல்ஸில் பதிய வந்த நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

வழிப்போக்கன்: கைரேகை எல்லோருக்கும் பொது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. 2004 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணிகளிடம் கைரேகை எடுக்க அமெரிக்கா திட்டமிட்டதும், பதிலுக்குப் பிரேசில் அமெரிக்கர்களிடமே எடுத்தது. அப்போது எழுந்த கூச்சல் இருக்கிறதே!

பட்டாளத்தான்: சரி, என்சீர்ஸை 2011-ல் அவர்களே நிறுத்திவிட்டார்கள், அதற்காக நான் வாதாடவில்லை. ஆனால் நடத்தையைப் பார் என்றால், எல்லையில் பயணியின் போனையும் அதிகாரி பார்க்க வேண்டாமா? அதற்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்றால், அது வரும்வரை பயணியை எங்கே உட்கார வைப்பது?

செம்பருத்தி: கைதானவரின் போனைத் திறக்கவே பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் ரைலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லைக்கு அது பொருந்தாது என்கிறது அரசு. கைதிக்கு இருக்கும் பாதுகாப்புகூட விருந்தாளிக்கு இல்லை. அப்புறம், அதே அல் கஹ்தானி பின்னால் பிடிபட்டு அமெரிக்காவின் குவாண்டனாமோ ராணுவச் சிறைக்குப் போனார். அங்கே அவருக்கு நடந்தது சித்திரவதை, அதனால்தான் வழக்கை விசாரணைக்கு அனுப்ப மறுத்தேன் என்று அங்குள்ள கைதிகளை விசாரிக்கும் ராணுவ ஆணையங்களின் பொறுப்பதிகாரியே 2009-ல் சொன்னார். 2022-ல் சவூதிக்கே அனுப்பிவிட்டார்கள்.

பட்டாளத்தான்: சித்திரவதையை நான் எங்கே ஆதரித்தேன்? போனுக்கு வாருங்கள். சந்தேகத்துக்கான காரணத்தை எழுதி வைத்துவிட்டு அதிகாரி பார்க்கலாம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

செம்பருத்தி: எழுதியதன் நகல் பயணியின் கைக்கும் வருமென்றால், பேசலாம்.