எல்லைச் சோதனையில் நம்மைப் பற்றி என்ன பதிவாகியுள்ளது, அதை எப்படிக் கேட்டுப் பெறுவது?

செந்தூல் வாசி:
வணக்கம். கடந்த ஓராண்டில் இரண்டு முறை, ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் என் கடப்பிதழை வாங்கிப் பார்த்த அதிகாரி என்னைத் தனியறைக்கு அனுப்பினார். இரண்டு முறையும் பழைய பயணங்களைப் பற்றியே நீண்ட நேரம் கேட்டார்கள். கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஆட்டோகேட் என்ற தானியங்கி வாயில் வழியாகவே போய் வருவதால் கடப்பிதழில் நம் நாட்டு முத்திரை ஏதும் இல்லை, எனவே நாள்களை நினைவிலிருந்து சொல்லித் தடுமாறினேன். முடிவில் காரணம் எதுவும் சொல்லாமல் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு எங்கும் வழக்கு இல்லை. விசாக் காலத்தை மீறித் தங்கியதும் இல்லை. இவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்காவில் இருக்கும் அக்காவைப் பார்க்க எழுபத்து மூன்று வயதான அம்மாவை அழைத்துப் போக வேண்டும். அவரை அப்படி ஓர் அறையில் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பற்றி எங்கே, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் தெரிந்துகொள்ள முடியுமா? நம் நாட்டிலேயே ஏதாவது இருக்குமோ என்ற அச்சமும் உண்டு.

தஞ்சோங் பூங்கா:
தம்பி, முதலில் அந்த அச்சத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் குடிநுழைவுத் துறையின் எஸ்எஸ்பிஐ இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால், நாட்டை விட்டு வெளியேற உங்களுக்குத் தடை உள்ளதா என்று பார்த்துவிடலாம். தடை இருந்தாலும், பெரும்பாலும் அதைக் கேட்டு வாங்கியது வேறொரு துறையாகத்தான் இருக்கும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவு, வரிப் பாக்கி உள்ளவர் வெளியேறாதபடி தடுக்கச் சொல்லும் அதிகாரத்தை வரி வாரியத்துக்குத் தருகிறது. திவாலானவர் உரிய அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது. ஆகவே தடை என்று வந்தால் குடிநுழைவு முகப்பில் வாதாடிப் பயனில்லை, பாக்கி எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும்.

ஆனால் இந்தச் சேவை தடையைப் பற்றி மட்டுமே சொல்லும். உங்கள் கோப்பைக் காட்டாது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் சுதந்திரச் சட்டங்கள் இருந்தாலும் அவை மாநில அரசின் ஆவணங்களுக்கே உரியவை, குடிநுழைவோ மத்திய அரசின் பொறுப்பு. ஒரு குடிமகன் தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்க உரிமையில்லாமல் இருப்பது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
அண்ணா, வெளிநாட்டுப் பதிவுகளைப் பொறுத்தவரை வழி தெளிவாகவே இருக்கிறது, நான் கேட்டுப் பெற்றிருக்கிறேன். அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதும்போது "என்னைப் பற்றிய அனைத்தும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நுழைவு, வெளியேற்றப் பதிவுகள், தனியறை விசாரணைக் குறிப்புகள், விமான நிறுவனம் அனுப்பிய முன்பதிவு விவரங்கள் என்று பெயர் சொல்லி, தேதிகளையும் பழைய கடப்பிதழ் எண்களையும் கொடுத்துக் கேளுங்கள். இருபது வேலை நாள்களில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், எனக்கு அதைவிடப் பல மாதங்கள் கூடுதலாயின. வந்த தாள்களில் சில வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. ஆனால் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் அதிகாரியின் குறிப்பில் அப்படியே இருந்தன. அதைப் படித்தபோது என் மனம் ஆறியது. வெறும் பயண நாள்கள் மட்டும் போதுமென்றால் அமெரிக்க வருகைப் பதிவான ஐ-94 இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

மீண்டும் மீண்டும் நிறுத்தப்படுபவர்களுக்காக அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 'டிரிப்' என்ற குறைதீர்ப்பு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதில் கிடைக்கும் எண்ணை டிக்கெட் பதியும்போது சேர்க்க வேண்டும். ஏன் நிறுத்தினார்கள் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள், ஆனால் பெயர்க் குழப்பம் என்றால் அது தீர வழியுண்டு. டிசம்பர் பயணத்துக்கு உங்களுக்கு முதலில் தேவைப்படுவது இதுதான்.

பிரிட்டனுக்குப் போயிருந்தால் அங்குள்ள உள்துறையிடம் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். 2015 ஏப்ரலில்தான் அங்கே வெளியேறும் பயணிகளை முறையாகப் பதியத் தொடங்கினார்கள் என்பதால் அதற்கு முந்தைய பயணங்களில் இடைவெளி இருக்கக்கூடும்.

தஞ்சோங் பூங்கா:
பெயர்க் குழப்பம் என்று தங்கை சொன்னது முக்கியம். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் தனியாக இல்லை. இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்' என்பதில் உள்ள சாய்கோட்டை இயந்திரம் படிக்கும் வரியில் அச்சிட முடியாது, டிக்கெட்டிலும் அது வராது. ஒரு பயணத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், அடுத்ததில் முழுப்பெயரும் ஒன்றாகவும் பதிந்திருந்தால் ஒரே ஆள் இருவராகத் தெரிவார். விண்ணப்பத்தில் அந்த எல்லா வடிவங்களையும் எழுதிக் கொடுங்கள்.

செந்தூல் வாசி:
இருவருக்கும் நன்றி. எஸ்எஸ்பிஐயில் பார்த்துவிட்டேன், தடை எதுவும் இல்லை. பழைய டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தபோது என் பெயர் மூன்று விதமாக இருப்பது தெரிந்தது. ஒன்றில் 'ஏஎல்' என் பெயரின் கடைசி எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றையும் எழுதி இன்றிரவே 'டிரிப்' விண்ணப்பத்தை அனுப்புகிறேன். அம்மாவின் டிக்கெட்டையும், வாங்குமுன் கடப்பிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.