மறுமொழி: நாய், பூனை ஸ்கேன் அறிக்கைச் சொற்கள் – எதிரொலியா, தெறிப்பா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

நாய், பூனைகளுக்கு எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் முடிவுகளை வளர்ப்பவர் கையில் தமிழிலேயே ஒரு தாளாகக் கொடுக்க வேண்டும் என்று சொற்கள் கேட்டிருந்தேன். ஆர்வமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரே பக்கம் அநேகமாக முடிந்துவிட்டது. எலும்பு, உலோகம் போலக் கதிரை மறிப்பவை ‘கதிர்புகா’, காற்று போல வழிவிடுபவை ‘கதிர்புகும்’. இதை யாரும் மறுக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் ஸ்கேனில்தான், அதாவது உடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் படமாகக் காட்டும் அல்ட்ராசவுண்டில்.

//அல்ட்ராசவுண்டுக்குக் கேளாஒலி என்பதே எளிது, எல்லோருக்கும் புரியும்// என்று கோவை ஐயா எழுதியிருந்தார். மனித மருத்துவத்துக்கு அது சரி. 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் நாய்க்கு 40,000 தாண்டியும் கேட்கும், பூனைக்கு 60,000 தாண்டியும் கேட்கும். 30,000 ஹேர்ட்ஸில் ஊதும் விசிலுக்கு நாய் ஓடி வரும். அந்த ஒலியை நாய் மருத்துவர் ஒருவர் ‘கேளாஒலி’ என்று எழுதலாமா? ஸ்கேனில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் 50 லட்சம் முதல் 1 கோடி ஹேர்ட்ஸ் வரை. அது எந்த நாய்க்கும் கேட்காது, உண்மைதான். ஆனாலும் பெயரே காதைக் குறித்தால், வளர்ப்பவருக்கு உடனே வரும் கேள்வி ‘இதுக்குக் கேட்குமா டொக்டர், காது வலிக்குமா?’ என்பதுதான். தேவையில்லாத பயம்.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குக் ‘கழியொலி’ பழக்கமான சொல். கழியூதாக் கதிர் என்று படித்ததும் அதே ‘கழி’தான். சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதியைக் காட்டும் என்று நன்னூல் சொல்கிறது. யாருடைய காதையும் அளவாக வைக்காமல், அளவுக்கு மேற்பட்டது என்று மட்டும் சொல்கிறது இந்தச் சொல். எழுத்தில் கழியொலி, பேச்சில் ஸ்கேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து நாயைத் தூக்கி வருபவர் ‘ஸ்கேன் எடுக்கணுமா?’ என்றுதான் கேட்கிறார்; அதை மாற்ற நான் முயலமாட்டேன்.

இனி, ஆங்கிலத்தில் எக்கோஜெனிசிட்டி எனப்படுவது, அதாவது உடலின் ஒரு பகுதி தன்மேல் பட்ட ஒலியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது. ஹைப்பர்எக்கோயிக் (அதிகம் திருப்புவது), ஹைப்போஎக்கோயிக் (குறைவாகத் திருப்புவது), அனெக்கோயிக் (திருப்பாதது) எல்லாம் இதிலிருந்து வருபவை என்பதால் வேர்ச்சொல் சரியாக அமைய வேண்டும்.

//வெண்மை, கருமை என்று போட்டால் போதாதா?// போதாது. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு. ஸ்கேனில் காற்று பளீரென்ற வெள்ளைக் கோடு, அதற்குப் பின்னால் குழம்பிய நிழல். எக்ஸ்ரேயில் சிறுநீர், சதையைப் போலவே சாம்பல் நிறம். ஸ்கேனில் தெளிந்த சிறுநீர் கறுப்பு. சிறுநீர்ப்பையில் கல் இருக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். ஒக்சலேட் கல் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். டால்மேஷன் இன நாய்களுக்கு அடிக்கடி வரும் யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ஸ்கேனிலோ இரண்டுமே வெள்ளை. ஒரே தாளில் இரண்டு முடிவையும் நிறத்தால் எழுதினால் படிப்பவர் தலை சுற்றும். ஒலிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

அப்படியானால் எதிரொலி? யாழ்ப்பாணத்து அக்கா ‘எதிரொலித்திறன்’ என்று முன்வைத்தார். பொருள் பொருந்துகிறது. என் தயக்கம் எழுத்தில். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒளி பட்டுத் திரும்புவது ‘எதிரொளிப்பு’. ஒரு லகர ளகர வேறுபாடுதான். அதுவும் ஸ்கேன் திரையில் ஒலி திரும்பிய அளவைத்தான் ஒளியாகப் பார்க்கிறோம். ‘எதிரொலி மிகுந்த பகுதி’ ‘எதிரொளி மிகுந்த பகுதி’ என்று அச்சானால், பிழை என்றே யாருக்கும் தோன்றாது. மருத்துவத் தாளில் அப்படிப்பட்ட சொல்லை வைக்கக் கூடாது.

ஆகவே நான் ‘தெறிப்பு’ பக்கம் நிற்கிறேன். இங்கே இலங்கைப் பள்ளிக்கூடத்தில், ஆடியில் (முகம் பார்க்கும் கண்ணாடியில்) ஒளி தெறிக்கிறது என்றே படித்தோம். ஒளித்தெறிப்பு, ஒளிமுறிவு என்பவை அட்டனிலும் பதுளையிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். கடத்துதிறன் என்பது போலத் ‘தெறிதிறன்’ என்றால் வேறு விளக்கம் வேண்டாம்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், தெறிப்பது என்றால் தங்களுக்குத் தண்ணீர் சிதறுவதுதான் நினைவுக்கு வருகிறது என்றார். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஸ்கேனில் இரண்டுமே நடக்கிறது. உதரவிதானம், சிறுநீர்ப்பைச் சுவர் போன்ற வழவழப்பான எல்லைகளில் ஒலி பட்டு நேராகத் திரும்புகிறது. ஈரல், மண்ணீரல் போன்றவற்றின் உள்ளே நுண்ணிய அமைப்புகளில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அதில் திரும்பி வரும் பங்குதான் மணல் தூவியதுபோல் திரையில் தெரிகிறது. எதிரொலி என்றால் முதலாவது மட்டுமே மனதில் வரும். தெறிப்பு இரண்டையும் தாங்கும்.

அடுத்தது முன்னொட்டு. ‘மிகை’ வேண்டாம், ‘மிகு’ போதும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மிகை என்றால் வேண்டியதற்கு மேல் என்று பொருள். கேட்பவருக்கு நோய் என்றே படும். ஹைப்பர்எக்கோயிக் என்பது நோயின் பெயரல்ல, ஒப்பீடு. நலமான நாயில் மண்ணீரல் ஈரலைவிட மிகுதெறிப்பு உடையது. நலமான பூனையின் சிறுநீரகப் புறணி (வெளிப்பகுதி) கொழுப்பினால் பளிச்சென்று இருக்கலாம். அதை ‘மிகைத்தெறிப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ‘பயப்படாதீங்க’ என்று சொல்வதில் என்ன பயன்? ஆகவே மிகுதெறிப்பு, குறைதெறிப்பு, சமதெறிப்பு, தெறிப்பின்மை. முதல் இரண்டும் வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

இந்தச் சொற்கள் தாளில் எப்படி உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குப் பருவச் சூடு அடங்கிச் சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டலாம். தண்ணீர் அதிகம் குடிக்கும், சோர்ந்து படுக்கும், வயிறு உப்பும். வீட்டில் ‘குட்டி போடப்போகுது’ என்று காத்திருப்பார்கள். குட்டிகளின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய ஏறத்தாழ 45 நாள் ஆக வேண்டும். அதற்கு முன் குட்டியா சீழா என்று எக்ஸ்ரே பிரித்துக் காட்டாது. ஸ்கேனில் 25 நாளளவிலேயே குட்டியின் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். ஆகவே தாளில் இப்படி எழுதலாம்: ‘கருப்பை குழாய்போல விரிந்துள்ளது. உள்ளே குறைதெறிப்புள்ள திரவம். குட்டி இல்லை. உடனே அறுவைச் சிகிச்சை தேவை.’ மஸ்கெலியாவிலிருந்து பேராதனை விலங்கு மருத்துவமனைக்கு இரவோடு இரவாக வாகனம் பிடிக்க வேண்டுமா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது இந்த நாலு வரியை வைத்துத்தான்.

//மிருக வைத்தியப் படிப்பே ஆங்கிலத்தில்தானே, தமிழ் எதற்கு?// என்ற கேள்விக்கும் பதில் அதுவே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மனித மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நாம் கேட்பது ஒரு தாள்.

கல்லுக்குப் பின்னால் விழும் கறுப்புப் பட்டைக்கு ‘ஒலிநிழல்’ என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. வயிற்று மயிரை மழித்து ஜெல் பூசுவது ஏன் என்பதையும் தாளில் ஒரு வரி சேர்க்கிறேன்: மயிரிடையே நிற்கும் காற்று ஒலியை அப்படியே தெறிக்க வைத்துவிடும். நுவரெலியாக் குளிரில் வயிறு மழித்த நாயைத் துணியால் மூடி வைக்கவும் சொல்ல வேண்டும்.

இன்னும் சொல் அமையாதது ஒன்றே. ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இழையம் (திசு) பக்கத்திலுள்ளதைவிடப் பளிச்சென்று தெரியும். திரவத்தைக் கடக்கும்போது ஒலி குறைவாகவே தேய்வதால் வருவது அது. அந்த இழையத்தின் தெறிதிறன் மாறவில்லை. அதனால் மிகுதெறிப்பு என்று எழுத முடியாது. ‘பின்வலு’ என்று ஒன்று மனதில் இருக்கிறது, ஆனால் ஒலி வலுப்பெறவில்லையே, தேயாமல் வந்தது, அவ்வளவுதான். ‘தேயாத்தெறிப்பு’ சரிவருமா? அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
அட்டனிலிருந்து