வன்னி றோட்டில் பத்து வருசம் ஓடக்கூடிய குடும்பக் கார் எது? அனுபவப் பகிர்வு

துணுக்காய்

ஐந்து பேர் ஏறக்கூடிய, விற்காமல் பத்து வருசம் வைத்திருக்கக்கூடிய கார் எது? மாங்குளம் போகும்வரை தாரும் கிறவலும் கலந்த றோட்டு, அதுக்குப் பிறகு ஏ9 நெடுஞ்சாலை. ரொயோட்டா அக்சியோ, ரொயோட்டா அக்குவா (ஹைபிரிட்), சுசுகி வகன்ஆர் மூன்றும் பேச்சில் இருக்கு. திருத்துற ஆக்களும் பார்ட்ஸ் விக்கிற ஆக்களும் சொன்னால் நல்லது.

கிளிநொச்சி, கராஜ்

பெயரை விடுங்கோ தம்பி. முதல்ல எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தெரிவு செய்யுங்கோ, பொடி, வருசம், நிறம் எல்லாம் அதுக்குப் பிறகு. இஞ்ச எந்தக் கராஜிலயும் யோசிக்காமல் கழட்டிப் பூட்டக்கூடிய பெற்றோல் எஞ்சின் எண்டால் ரொயோட்டாவின்ர 1500 சி.சி. 1என்இசட். கொரோலா 121, அக்சியோ 141, 161இல முதல் வந்தவை, 1500 சி.சி. அலியன், பிறீமியோ எல்லாத்துக்குள்ளயும் அதுதான். ரைமிங் பெல்ற் இல்லை, செயின். பில்ரரோட ஒயில் 3.7 லீற்றர், 5டபிள்யூ-30 போதும்.

ஒயிலை நேரத்துக்கு மாத்தாமல் ஓட்டின எஞ்சினில பிஸ்ரனின்ர ஒயில் றிங் கரி பிடிச்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒயில் குடிக்கத் தொடங்கும். கண்டுபிடிக்கிறது சுகம். எஞ்சின் நல்லாச் சூடான பிறகு ஐந்து நிமிசம் சும்மா ஓடவிட்டு, ஒரேயடியா அக்சிலேற்றரை மிதியுங்கோ, ஒருத்தர் பின்னால நிண்டு சைலன்சரைப் பாக்கவேணும். நீலப்புகை வந்தால் றிங் அல்லது வால்வு சீல் போயிட்டுது. ஒயில் ஊத்துற மூடியைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ. தார் மாதிரிப் படிஞ்சிருந்தால் மீற்றர் என்ன சொன்னாலும் நம்பாதேங்கோ.

கியர்பொக்ஸ்தான் பெரிய செலவு. 121, அலியன் 240 நாலு கியர் ஓட்டோ, முரட்டுச் சாமான். அக்சியோ 141, 161, அலியன் 260 சி.வி.ரி, அதாவது கியர் படி இல்லாமல் பெல்ற்றால ஓடுற ஓட்டோ. சி.வி.ரி கெட்டதில்லை, ஆனால் ஒயிலைப் பொறுத்துத்தான் அதின்ர ஆயுள். 40,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தவேணும். கீழால வடிச்சால் மூன்று, நாலு லீற்றர்தான் வரும், மிச்சம் உள்ளுக்கயே நிக்கும், அதால ரெண்டு தரம் வடிச்சு ஊத்துறது நல்லது. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை இதுக்குள்ள ஊத்தினால் பெல்ற் வழுக்கும், உள்ளுக்க இருக்கிற சாமான் தேயும். கானில எழுதியிருக்கிற வகை உங்கட காரின்ர புத்தகத்தில இருக்கிற வகைதானா எண்டு பாத்து ஊத்தவேணும். வாங்கேக்க காலமை குளிர் எஞ்சினில பரிசோதியுங்கோ. டி-இல போட்டு ஒரு செக்கன்ட் தாண்டி இழுத்தாலும், 20க்கும் 40க்கும் இடையில ஓடேக்க உதறினாலும், காரை விட்டிட்டு வாங்கோ.

இன்னொண்டு. வன்னியில விக்கிற பழைய கார் கனக்கவில தேமோஸ்ராற் வால்வு (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணி போகாமல் மறிக்கிறது) இருக்காது, கழட்டி எறிஞ்சிருப்பினம். ஏன் எண்டால் ரேடியேற்றருக்குள்ள கிணத்துத் தண்ணி. எங்கட தண்ணியின்ர சுண்ணாம்பு ரேடியேற்றரின்ர மெல்லிய குழாய்களை அடைச்சுக் கார் சூடேறும். ரேடியேற்றரை மாத்தாமல் தேமோஸ்ராற்றைக் கழட்டினால் சூடு கொஞ்சக் காலம் மறையும். ஆனால் எஞ்சின் வேலை செய்யவேண்டிய வெப்பத்துக்கே வராது, பெற்றோல் கூடப் பாயும், ஒயிலுக்குள்ள ஈரம் தங்கும். விற்ஸ், அக்குவா மாதிரிக் கார்களில வெப்ப முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியேக்க ஹெட் காஸ்கெற் (எஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற சீல்) போயிருக்கவும் கூடும்.

வவுனியா, ஒட்டோ எலக்ரிக்

அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓ.பி.டி ஸ்கானர், அதாவது காரின் கணினியை வாசிக்கும் கருவி, சின்னதாக, புளூரூத்தில் போனுடன் சேருவது, மலிவாகவே கிடைக்கும். அதைக் கொண்டுபோய்க் காரில் குத்திக் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஏ9இல் ஓடுங்கள். தேமோஸ்ராற் இருந்தால் 80களிலும் 90களிலும் நிற்கும். வேகம் எடுக்க எடுக்க 70க்குக் கீழே இறங்கினால் வால்வு இல்லை. பிறகு மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு இருபது நிமிடம் நிறுத்திவையுங்கள். 100ஐத் தாண்டி ஏறினால் ரேடியேற்றரோ அதன் பானோ (விசிறி) சரியில்லை.

சாவியைத் திருப்பியதும், ஸ்ரார்ட் செய்ய முன்னர், டாஷ்போட்டில் எஞ்சின், ஏ.பி.எஸ்., எயார்பாக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏ.பி.எஸ்., எயார்பாக் விளக்குகள் சில செக்கன்டிலும், எஞ்சின் விளக்கு ஸ்ரார்ட் செய்ததும் அணைய வேண்டும். ஒன்று எரியவே இல்லை என்றால் அது பழுதில்லாத கார் என்று அர்த்தமில்லை. பல்ப்பைக் கழட்டியிருக்கிறார்கள் அல்லது வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்திருக்கிறார்கள். எயார்பாக் வெடித்த காருக்கு இந்த வித்தை வழமை.

இனி ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் பற்றரியால் ஓடும் மோட்டாரும் சேர்ந்த கார். 2022இல் கியூ.ஆர். அட்டையோடு பெற்றோலுக்கு நின்ற காலத்துக்குப் பிறகு அக்குவாவுக்கும் பிறியஸுக்கும் இங்கே ஆசை கூடிவிட்டது. ஆசை நியாயமானதுதான், ஆனால் இந்தப் பற்றரிகள் காற்றால் குளிர்கின்றன. காற்றை இழுக்கும் வாய் பின்சீட்டுப் பக்கம். கிறவல் புழுதி அதற்குள்ளே போய்ச் சின்ன பானின் இதழ்களில் அப்பிவிடும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று ஓயும்வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வலையைக் கழட்டித் துப்புரவாக்க வேண்டும், வருடம் ஒருமுறை பானையே கழட்டிக் கழுவ வேண்டும். பின்சீட்டில் உரப்பையும் துணிமூட்டையும் போட்டு அந்த வாயை மூடுகிறவர்களுக்கு ஹைபிரிட் வேண்டாம்.

வாங்கும்போது பற்றரியின் ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றையும் ஸ்கானரில் பாருங்கள். நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும், ஏமாற வேண்டாம். முழு அக்சிலேற்றரில் இழுக்கும்போது ஒரு புளொக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற் அளவுக்கு விழுந்தால் பற்றரி களைத்துவிட்டது, பி0ஏ80 என்ற பழுது எண் வரப்போகிறது. பற்றரி சின்னச் சின்ன மொடியூல்களைச் சேர்த்துச் செய்தது, அக்குவாவில் 20, பிறியஸ் 30இல் 28. இதில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றி 'பற்றரி புதுசு' என்று விற்கிறார்கள். பழையதும் புதியதும் ஒரே அளவில் சார்ஜ் ஏறாது, அடுத்த பலவீனமான மொடியூல் முன்னுக்கு வரும். மாற்றுவதென்றால் முழுப் பற்றரி.

பிறியஸ் 30 பார்ப்பவர்கள் காலையில் முதல் எஞ்சின் ஸ்ரார்ட்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். சில செக்கன்ட் கடகடவென்று உதறி அடங்கினால் கூலன்ற் சிலிண்டருக்குள் கசிகிறது. ஈ.ஜி.ஆர். குழாய் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) கரியால் அடைபடுவது அந்த எஞ்சினில் தெரிந்த வருத்தம், அதன் முடிவு பெரும்பாலும் ஹெட் காஸ்கெற். விற்கிறவர் நீங்கள் வர முன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அடுத்த நாள் காலமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மல்லாவி

அப்ப கிறவலில ஹைபிரிட் வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?

வவுனியா, ஒட்டோ எலக்ரிக்

வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் 15,000 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஏ9இல் ஓடுபவருக்கு மிச்சம் பிடிக்கும். கிழமைக் கணக்கில் வீட்டில் நிற்கிற காருக்கு ஹைபிரிட் வீண். நின்றால் பன்னிரண்டு வோல்ற் பற்றரியும் இறங்கும், பெரிய பற்றரியும் சமநிலை இழக்கும்.

வவுனியா, பார்ட்ஸ் கடை

கார் பாக்கப் போக முதல் மூண்டு கடைக்குப் போன் எடுங்கோ. அந்த மொடலுக்கு லோவர் ஆம், ரேடியேற்றர், ஏசி கொம்பிரசர், முன் லைற், இந்த நாலும் இருக்கா எண்டு கேளுங்கோ. மூண்டு கடையிலயும் 'பஞ்சிகாவத்தையில (கொழும்பில பார்ட்ஸ் விக்கிற இடம்) இருந்து எடுத்துத் தரலாம்' எண்டு பதில் வந்தால், பழுதாகிற ஒவ்வொரு முறையும் கார் ரெண்டு மூண்டு நாள் நிக்கும். 121, 141, விற்ஸ் 90, நிசான் எப்.பி.15, இந்திய அல்ரோ, இதுகளின்ர சாமான் கிளிநொச்சியிலயும் இருக்கும். ஹொண்டா பிற் ஹைபிரிட் ஜீபீ1க்கும் எடுக்கலாம். அதுக்குப் பிறகு வந்த ஜீபீ5, வெசல் ஹைபிரிட் எண்டால் யோசியுங்கோ. அதில சி.வி.ரி இல்லை, ரெண்டு கிளச் உள்ள ஏழு கியர் பொக்ஸ். 2013, 2014இல ஜப்பானிலயே பல தடவை திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தின சாமான். ஓட அருமை, இறங்கித் திருத்த இஞ்ச ஆள் குறைவு.

அல்ரோ 800ஐப் பகிடி பண்ணுறவை இருக்கினம். நாலு பேருக்கு, மனுவல் கியரோட, இதவிடச் செலவு குறைஞ்ச கார் வன்னியில இல்லை. ஆனால் அதில ரைமிங் பெல்ற் இருக்கு, நேரத்துக்கு மாத்தவேணும். ஐந்து பேரை ஏத்தி ஏ9இல கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால ஓவர்ரேக் எடுக்கிற காரும் அதில்லை. வகன்ஆர் உயரம், 660 சி.சி., பக்கக் காத்துக்கு ஆடும். பூநகரிப் பாலத்தில காத்து அடிக்கேக்க ஓட்டிப் பாத்தால் விளங்கும். ஊருக்குள்ள ஓட நல்ல கார்.

ரயர் விசயத்தில அலங்காரம் வேண்டாம். 16, 17 அங்குல அலோய் போட்ட காரை வாங்கினால் பழைய 14, 15க்கு மாத்துங்கோ. ரயரின்ர பக்கச் சுவர் உயரமா இருந்தால்தான் கிறவல் கல்லை அது தாங்கும், இல்லாட்டி சொக் அப்சோபரும் போல்-ஜொயின்ற்றும் தாங்கவேண்டி வரும். ரயரில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. வரிப்பள்ளம் நல்லா இருந்தாலும் ஆறேழு வருசம் தாண்டின ரயரை நம்பி ஆனையிறவு வெயிலில ஓடக்கூடாது.

புதுக்குடியிருப்பு

கடற்கரைப் பக்கக் கார்களைக் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முல்லைத்தீவு, மன்னார், பூநகரி உப்புக்காற்றில் முதலில் போவது கதவின் அடி விளிம்பு, பின் சொக் பூட்டும் இடம், பிறேக் குழாய். கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தால் ஸ்குறூட்றைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார் இன்னொரு பிரச்சினை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் நினைவிருக்கும், அதற்குப் பிறகும் ஒவ்வொரு மார்கழியும் ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் ஏறத்தான் செய்கிறது. அந்தக் கார்களைக் கழுவி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விற்பார்கள், அங்கே நின்றவை இங்கே வரும். சீற் பெல்ற்றை முடிவுவரை இழுங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீற் ஓடும் இரும்புத் தண்டவாளம், ஸ்பெயார் வீல் குழி, கார்பெற்றின் அடி, டாஷ்போட்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பெற் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் எழும்பி வரலாம்.

கிளிநொச்சி, வாகனக் காப்புறுதி

பத்திரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரே கார் பல கை மாறியிருக்கும், பெயர் மட்டும் முதல் ஆளுடையதாகவே இருக்கும். கையெழுத்து வைத்த வெறும் படிவங்களோடு, 'ஓபன் பேப்பர்' என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் பெயருள்ளவர் வெளிநாட்டில் இருப்பார் அல்லது இறந்திருப்பார். சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பதிவு உரிமையாளர் வேறு, முழு உரிமையாளர் வேறு. முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வந்த பிறகே முழுப்பணம். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நீங்களே காரில் வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது.

கிளிநொச்சி, கராஜ்

துணுக்காய்த் தம்பிக்கு என்ர பதில்: ஐந்து பேர், பத்து வருசம், பாதிக் கிறவல் எண்டால் 121 அல்லது அலியன் 240, நாலு கியர் ஓட்டோ. பழசு எண்டு வீட்டில சண்டை வரும், வரட்டும். அதைவிடப் புதுசு வேணும் எண்டால் சி.வி.ரி ஒயில் மாத்தின பில் காட்டக்கூடிய 141. வகன்ஆர் ஐந்து பேருக்கு இல்லை. அக்குவா நிலத்தோட தாழ்வு, மாரியில குழி எது தண்ணி எது எண்டு தெரியாத ஒழுங்கையில முன் பம்பர் நிக்காது.

கையில இருக்கிற காசு முழுதையும் விலைக்குக் குடுக்காதேங்கோ. பத்தில ஒரு பங்கை முதல் மாசத்துக்கு ஒதுக்குங்கோ. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பில்ரர்கள், டொட் 3 பிறேக் ஒயில், பான் பெல்ற், பிளக். இறிடியம் பிளக் எண்டால் ஒரு லட்சம் கிலோமீற்றர் போகும், சாதாரணம் எண்டால் 20,000. ரேடியேற்றர் தண்ணியை முழுக்க வடிச்சு, காய்ச்சி வடிச்ச சுத்தத் தண்ணியால மூண்டு நாலு தரம் அலசி, புதுத் தேமோஸ்ராற் பூட்டி, கலந்து வாற சிவப்புக் கூலன்ற் ஊத்துங்கோ, மேல ஒரு சொட்டுக் கிணத்துத் தண்ணியும் வேண்டாம். ஏசி கண்டென்சரில ஒட்டியிருக்கிற செம்மண்ணை எஞ்சின் பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா மெதுவாக் கழுவவேணும். சேர்விஸ் ஸ்ரேசன் பிறசர் பைப்பை நேரா அடிச்சால் தகடு மடிஞ்சு காத்து போகாது. எயார் பில்ரரைக் கிறவல் காலத்தில மாசம் ஒருக்காத் திறந்து, உள்ளுக்க இருந்து வெளியால ஊதுங்கோ. டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால இருக்கிற ஏசி பில்ரரையும் இழுத்துப் பாருங்கோ. நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில நிக்கிற கார் எண்டால் எலி அங்கதான் கூடு கட்டும், அங்கயிருந்துதான் வயரையும் கடிக்கத் தொடங்கும்.