வியூஃபைண்டர்ல எந்தக் கண்ண வெக்கறீங்க? நடந்ததச் சொல்லுங்க

இடதுகண்ணன், திருப்பூர்:
போன வைகாசி முகூர்த்தமுங்க. வெள்ளகோவில் பக்கம் ஒரு மண்டபம். இணைச்சீர் நடக்குது, மாப்பிள்ளையும் அவரு அக்காவும் உக்காந்திருக்காங்க. நான் மேடைக்குக் கீழ 70-200 ஜூம் லென்ஸ் மாட்டிட்டு நிக்கறேன். கேமராவுல கண்ண வெச்சுப் பார்க்கற ஓட்டை, அதான் வியூஃபைண்டர், அதுல எனக்கு எப்பவும் இடது கண்ணுதான். பொண்ணோட பெரியப்பா ஒருத்தர் வந்து என் மூஞ்சியவே பார்த்துட்டு நின்னாரு. "ஏனுங் தம்பி, சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு தெரியாதுங்களா?"ன்னாரு. தெரியுமுங்க, இது பழக்கமுங்கன்னேன். விட்டாரா? பொண்ணோட அப்பாகிட்டத் திரும்பி, "ஏப்பா, படம் புடிக்க ஒத்தக்கண்ணு ஆளையா கூட்டியாந்த? தாலி கட்டறப்பக் கோட்ட உட்ருவானப்பா"ன்னு ஒரு போடு போட்டாரு. மங்கல வாழ்த்துப் பாடறவருக்கு வெச்ச மைக்கு ஆன்லயே இருந்துச்சு. மண்டபமே சிரிக்குது. அப்பறம் பந்தி முடியற வரைக்கும் பொண்ணோட அப்பா சித்தைக்கொருக்கா வந்து, "காட்டுங்க பார்க்கலாம்"னு ஸ்கிரீன எட்டிப் பார்த்துட்டே இருந்தாரு.

ஆல்பம் குடுத்தாச்சு, பணமும் வந்தாச்சு. ஆனா இப்பல்லாம் மண்டபத்துல பெரியவங்க யாராச்சும் என்னையப் பார்த்தாப் போதும், கை தானா கேமராவ வலது கண்ணுக்குக் கொண்டு போகுது. கொண்டு போனா ஃபிரேமே புரிய மாட்டேங்குது. உங்களுக்கு இப்படி எதாச்சும் நடந்திருக்குதுங்களா?

குளத்துப்பறவை:
எனக்கு மூக்குதான் எதிரி. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் ஒரு அத்தி மரம், பழம் பழுத்திருக்கு, இருவாச்சி வந்து உட்கார்ந்தது. ஆண், சிவப்புக் கண். பழத்த அலகு நுனியில எடுத்து, மேல தூக்கிப் போட்டு, வாயத் திறந்துச்சு பாருங்க, அந்தப் பழம் காத்துல நிக்கற நொடி! தடதடன்னு எடுத்துட்டேன். வீட்டுல வந்து பெருசாக்கிப் பார்த்தா கண்ணும் மங்கல், பழமும் மங்கல். வலது ஓரத்துல ஒரு இலை இருக்கு, அதோட நரம்ப எண்ணலாம். மிரர்லெஸ் கேமராவுல (உள்ள கண்ணாடி இல்லாத வகை) கண்ண வெச்சிருக்கறப்பவே ஸ்கிரீனத் தொட்டு ஃபோகஸ் புள்ளிய நகர்த்தற வசதி இருக்கு இல்ல, அத என் மூக்கு நகர்த்தியிருக்கு. வலது கண்காரங்களுக்கு மூக்கு ஸ்கிரீனோட இடது பக்கமா ஒதுங்கிடும். நம்மள மாதிரி இடது கண்காரங்களுக்கு நேரா வலது பாதியில உட்காரும். இருவாச்சி மறுபடி வந்துச்சு, பழம் தூக்கிப் போடல.

லென்ஸ்மேன், கோவை:
மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன். தவறாக நினைக்க வேண்டாம். இது பெரியவரின் குற்றமும் இல்லை, மூக்கின் குற்றமும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான். பேரூர் பங்குனித் தேரில் ஒரு பையன் இடது கண்ணில் கேமராவை அப்பிக்கொண்டு பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். வலப்பக்கம் வடம் பிடித்து வருகிற கூட்டம் அவனுக்குத் தெரியவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை, "ஷாட் போச்சு சார்" என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1954இல் வந்த லைக்கா எம்3 கேமராவைப் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் வியூஃபைண்டர் இடது ஓரத்தில் இருக்கும். வலது கண்ணை வைத்தால் இடது கண் கேமராவுக்கு வெளியே நிற்கும். அதில் உருவம் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே தெரியும் என்பதால் இரண்டு கண்ணையும் திறந்தே எடுக்கலாம், ஃபிரேமுக்குள் நுழையப் போகிறவனை முன்கூட்டியே பார்க்கலாம். இடது கண்ணை வைத்தால் வலது கண் கேமராவின் முதுகைத்தான் பார்க்கும். உள்ளே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூஃபைண்டர் நடுவில் இருப்பதால் ஏதோ சமாளிக்கிறீர்கள். ஆகவே மாறுங்கள். தினமும் காலையில் இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வாசலில் போகிற வண்டிகளை எடுத்துப் பழகுங்கள். வியூஃபைண்டரைப் பார்வைக்கு ஏற்ப மாற்றும் டயாப்டர் சக்கரத்தை வலது கண்ணுக்குத் திருப்பி வையுங்கள், அதைச் செய்யாமலேயே மங்கலாகத் தெரிகிறது என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்துங்கள். பயிற்சிக்கு முன் காபி வேண்டாம். ஸ்ட்ராப்பைக் கழுத்தில் போடாமல் மணிக்கட்டில் சுற்றுங்கள். முக்காலி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கண்ணாடி அக்கா, ஈரோடு:
லென்ஸ்மேன் சார், துணி கட்டறதெல்லாம் எதுக்குங்க? பாவம் அந்தத் தம்பி, கேட்டது அனுபவந்தானே. நான் கண் பரிசோதனை வேலைல இருக்கறவ. மூணுல ரெண்டு பேருக்கு வலது கண்ணு டாமினன்ட், அதாவது குறி பார்க்கறப்பத் தானா முந்தற கண்ணு, மிச்சப் பேருல பெரும்பாலானவங்களுக்கு இடது. சோத்தாங்கை ஆளா இருந்தாலும் கண்ணு இடதா இருக்கலாம், கை ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம் இருக்கறவங்க ஏராளம். சந்தேகம்னா ரெண்டு கையையும் முன்னால நீட்டி, உள்ளங்கைகளச் சேர்த்து நடுவுல சின்னச் சந்து விட்டு, அது வழியா ரெண்டு கண்ணையும் திறந்து தூரத்து லைட் கம்பத்தப் பாருங்க. அப்பறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணுக்குக் கம்பம் அப்படியே நிக்குதோ அதுதான் உங்களுது. அத மூடுனீங்கன்னா கம்பம் சந்த விட்டுப் போயிரும்.

என்னோடத சொல்றேன். கோபி பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருத்தர், வயசானவரு, ரெண்டு கண்ணுலயும் புரை. உள்ள என்ன பவர் லென்ஸ் வெக்கறதுன்னு பேச வந்திருந்தாரு. சில பேருக்கு ஒரு கண்ணு தூரத்துக்கு, இன்னொண்ணு கிட்டத்துக்குன்னு வெக்கறதுண்டு, வழக்கமா டாமினன்ட் கண்ணத் தூரத்துக்கு விடுவாங்க. டாக்டர் இதச் சொல்லிட்டிருக்கறப்பவே மனுசன் வெறுங்கையக் கேமரா தூக்கற மாதிரி தூக்குனாரு. வலது கண்ணுக்கு. ஆள்காட்டி விரல் மட்டும் ஒருக்கா அழுத்துச்சு. இறக்கிட்டு இடது கண்ணுக்குத் தூக்குனாரு. திரும்ப வலது. அப்பறம் கேட்டாரு: "டாக்டருங்க, அந்த ஓட்டைக்குள்ள தெரியறது தூரமுங்களா, கிட்டமுங்களா?" டாக்டர் என்னையப் பார்த்தாரு, நான் டாக்டரப் பார்த்தேன்.

பெரும்பாலான எஸ்.எல்.ஆர்ல உள்ள தெரியற உருவம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கற மாதிரிதான் கண்ணுக்கு அமையும், மைனஸ் ஒண்ணு டயாப்டர் கணக்கு, சக்கரத்தத் திருப்பி மாத்திக்கலாம். இதெல்லாம் அப்பறமாத் தேடிப் படிச்சேன். அன்னிக்கு அந்த மனுசனுக்குச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கப்பறம் அவரு எங்ககிட்ட வரவும் இல்ல.

எஃப்எம்2 ஆள், பவானி:
அக்கா சொல்றது வாஸ்தவம். லென்ஸ்மேன், உங்க லைக்காவ யாருங்க இங்க வெச்சிருந்தாங்க? நமக்கெல்லாம் 1982ல வந்த நிக்கான் எஃப்எம்2தான் பெரிய சொத்து. அதுல ஃபிலிம நகர்த்தற லீவரச் சித்த வெளிய இழுத்து வெச்சாத்தான் வெளிச்சம் அளக்கற மீட்டர் வேலை செய்யும், ஷட்டரும் விழும். வலது கண்ணுக்காரனுக்கு அது கட்டைவிரலுக்குத் தோதா இருக்கும். இடது கண்ணுக்காரனுக்கு லீவர் நுனி நேரா வலது புருவத்துக்கு. அந்தியூர் குருநாதசாமி ஆடி நோம்பி, குதிரைச் சந்தை. ஒரு கருங்குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்குச்சு. முன்னால நின்ன கூட்டம் அப்படியே பின்னால சாய, எவன் பொடனியோ கேமராவுல மோதி, லீவர் புருவத்துல ஏறிருச்சு. ரத்தம் கண்ணுக்குள்ள வடியுது. குதிரைக்காரர் மடியில இருந்து மஞ்சத்தூள எடுத்து அப்புனாரு, அது எதுக்கு மடியில வெச்சிருந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்த ஃபிரேம் விழுந்திருந்துச்சு. குதிரை வாய் நுரை தெரியுது. தையல் போட்டும் நான் கண்ண மாத்தல, நீங்க துணி கட்டச் சொல்றீங்க!

லென்ஸ்மேன், கோவை:
நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வடம் மேலே ஏறினால் மஞ்சள்தூள் உதவாது என்றுதான் சொன்னேன்.

பொள்ளாச்சி:
காலேஜ்ல என்.சி.சி. கேம்ப்ல எனக்கும் இதே கூத்து. துப்பாக்கி சோத்தாங்கைத் தோள்ல, குறி பார்க்கறது இடது கண்ணு. கழுத்த வளைச்சுப் படுத்திருந்தேன். பயிற்சி குடுத்தவரு ஒரு வார்த்தை பேசல, குனிஞ்சு கர்ச்சீப்ப என் இடது கண்ணு மேல போட்டுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு. குண்டு எங்க போச்சுன்னே தெரியல, அட்டையில ஒரு ஓட்டைகூட இல்ல. பக்கத்துப் பையன் அட்டையில மட்டும் சுட்டத விட ஓட்டை அதிகமா இருந்துச்சு.

அது கெடக்குது. குளத்துப்பறவை அண்ணா, அந்த மூக்கு சமாச்சாரத்த நிறுத்தறது எப்படிங்க? எனக்கும் சூலூர்க் குளத்துல புள்ளி தானா ஓடுது.

குளத்துப்பறவை:
மெனுவுல டச் ஏ.எஃப். (தொட்டு ஃபோகஸ் பண்றது) பகுதியப் பாருங்க தம்பி. முழு ஸ்கிரீன்னு இருந்தா வலது மேல் மூலை மட்டும்னு மாத்துங்க. வியூஃபைண்டர் மேல இருக்கறதால மூக்கு அங்க அவ்வளவா எட்டாது. என் மூக்கு எட்டுது, அதனால நான் முழுசா அணைச்சுட்டு, புள்ளிய நகர்த்த ஜாய்ஸ்டிக்தான்.

பொள்ளாச்சி:
மாத்திட்டேனுங்கண்ணா. புள்ளி ஓடல. இப்ப பின்பக்க பட்டன்ல ஃபோகஸ் வெச்சா கட்டைவிரல் வலது கண்ணுலயே குத்துது. அதுக்கு என்னங்க பண்றீங்க?