மதுபானம் வைத்திருந்த வழக்கு: மேல்முறையீட்டுக்கு முன்தீர்ப்புகள் தேவை

வணக்கம் தோழர்களே. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937, பிரிவு 4(1)(அ)-வில் மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டித்த வழக்கு. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். கெடு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கெடுவில் கணக்கில் வராது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை நடந்தது நல்லதாயிற்று. ஒப்புக்கொண்டிருந்தால் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே எதிர்க்க முடியும்.

கைப்பற்றியதாகச் சொல்வது 180 மி.லி. பாட்டில் 12, மொத்தம் 2.16 லிட்டர். ஆய்வகத்துக்குப் போனது ஒன்றுதான். மகஜரில் (கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதும் பதிவு) அரக்கு முத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆய்வறிக்கையிலோ 'முத்திரை சரியாக உள்ளது' என்றிருக்கிறது. எந்த முத்திரை, யார் வைத்தது? கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95-இல் உள்ள தேதி கைப்பற்றி 19 நாள் கழித்து. அதுவரை பாட்டில்கள் எங்கே இருந்தன என்று ஒரு சாட்சியும் சொல்லவில்லை. மகஜர் சாட்சிகள் இருவரும் பிறழ்சாட்சிகள், அதாவது கோர்ட்டில் அரசுத் தரப்பை ஆதரிக்கவில்லை. போலீசிடம் தந்த வாக்குமூலம் ஒப்புதலாகச் செல்லாது.

ஒரே பாட்டில் சோதனை, முத்திரைக் குறைபாடு, இந்த இரண்டிலும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் இருந்தால் எண்ணோடு தாருங்கள். அப்பீலோடு தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போடுகிறோம், அதற்கு நல்ல மாதிரி இருந்தாலும் அனுப்புங்கள்.