மழைக்காலத்தில் வேலை இல்லை, ஆண்டு முழுவதும் கடன் தீரவில்லை: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: கெடிலக்கரை இல்லத்தரசி (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் கட்டட வேலையில் பெரியாளாகப் போகிறார்; நாள் கூலி 700 ரூபாய். தை முதல் புரட்டாசி வரை மாதத்துக்கு இருபது நாள் வேலை கிடைப்பதால் 14,000 ரூபாய் வரும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மார்கழி முடியும் வரை மாதம் ஏழு நாள் வேலை கிடைப்பதே அரிது; 5,000 ரூபாய் வந்தால் பெரிது. நான் வீட்டிலேயே தைப்பதில் 4,000 ரூபாயும், மகளிர் உரிமைத் தொகையாக 1,000 ரூபாயும் வருகின்றன.

வாடகை 3,500, மளிகை, பால், காய்கறி, எரிவாயு எல்லாம் சேர்ந்து 7,000, பிள்ளைகளின் சில்லறைச் செலவு, மருந்து, கைப்பேசி, மின்சாரம் 1,500 என மாதம் 12,000 ரூபாய் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் மூன்று கடன்கள் இருக்கின்றன. 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்து தையல் இயந்திரமும் அரிசி மூட்டையும் பாழானதால், அம்மா எனக்குப் போட்ட சங்கிலியை 60,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். இரண்டு பைசா வட்டியாக மாதம் 1,200 ரூபாய் கட்டுகிறோம். வாரம் 650 ரூபாய் கட்டும் குழுக் கடன் இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மூன்றாவது தண்டல்: 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் தந்தார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதில் நாற்பது நாள் மீதம் இருக்கிறது. முடிந்தவுடன் அடுத்ததை வாங்கிக்கொள்ளும்படி இப்போதே சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் முடிப்பதும் வாங்குவதுமாகப் போகிறது.

நான் வீண் செலவு செய்வதாக உறவினர்கள் சொல்கிறார்கள். எதைக் குறைப்பது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும்? மேலும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்டணம். அதையும் எண்ணினால் இரவில் உறக்கம் வருவதில்லை.

பதில் 1: மஞ்சக்குப்பம் வாசகர்

அம்மா, நீங்கள் எழுதிய தொகைகளைத் தாளில் கூட்டிப் பார்த்தேன். உங்கள் வீட்டில் வீண் செலவு எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெயில் மாதங்களில் 19,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 12,000 ரூபாயோடு தண்டல் 3,000, குழுக் கடன் 2,600, அடகு வட்டி 1,200 ஆகியவற்றைச் சேர்த்தால் 18,800. மீதம் 200 ரூபாய். மழை மாதங்களில் வரவு 10,000 ரூபாயாக இறங்கிவிடுகிறது. செலவோ அதே 18,800. மாதம் 8,800 ரூபாய் வீதம் மூன்று மாதத்தில் 26,400 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் ஒவ்வோர் ஆண்டும் தண்டல் வாங்கி நிரப்பி, அடுத்த ஒன்பது மாதமும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கை மாதக் கணக்காகப் பார்க்காமல் ஆண்டுக் கணக்காகப் பார்க்க வேண்டும்.

தண்டல் வட்டியை நூற்றுக்குப் பதினைந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே நீங்கள் அசலைத் திருப்பிக்கொண்டிருப்பதால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதியளவே இருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் மாதத்துக்கு நூற்றுக்குச் சுமார் பத்து ரூபாய் வட்டி. உங்கள் அடகுக் கடையின் இரண்டு பைசா வட்டியைப் போல ஐந்து மடங்கு. எனவே முதலில் ஒழிய வேண்டியது தண்டல்தான்.

மீதமுள்ள 4,000 ரூபாயையும் வழக்கம்போலவே கட்டி முடித்துவிடுங்கள். நாற்பத்தொன்றாம் நாளிலிருந்து அதே 100 ரூபாயை ஒரு நாளும் தவறாமல் உங்களுக்கே கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழ உங்கள் குடும்பம் ஏற்கெனவே பழகியிருக்கிறது. இந்த ஆண்டு புரட்டாசி முடிவதற்குள் ஏழரை மாதம் இருந்தாலும் 22,500 ரூபாய் சேரும். தண்டல் இல்லாத மழைக்காலத்தில் மாதத் துண்டு 8,800 ரூபாயிலிருந்து 5,800 ரூபாயாகக் குறையும். மூன்று மாதத்துக்கு 17,400. சேர்த்த பணமே அதைத் தாங்கி, 5,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும்.

பதில் 2: தேவனாம்பட்டினம் அக்கா

தங்கைக்கு வணக்கம். எங்கள் வீட்டில் விசைப்படகு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகவே முடியாது. தடைக்கால நிவாரணமாக அரசு 8,000 ரூபாய் தருகிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாங்கள் கட்டும் 1,500 ரூபாயோடு மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு 4,500 ரூபாயாகத் திருப்பித் தருவார்கள். இவற்றை மட்டும் வைத்து இரண்டு மாதம் ஓடாது. நல்ல பாடு கிடைத்த வாரத்தில் வஞ்சிரமும் இறாலும் நல்ல விலைக்குப் போய்க் கையில் காசு புரளும்போது, அது இரண்டு வார வருமானம் என்று நினைக்க என் மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் படிக்காதவர், ஆனால் தடைக்காலத்துக்கான அரிசி, புளி, மிளகாய், கருவாடு ஆகியவற்றை மாசி, பங்குனியிலேயே வீட்டில் நிரப்பிவிடுவார். பணமாக வைத்தால் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள் என்பார்.

நீங்களும் ஆவணி, புரட்டாசியில் புளி, மிளகாய், பருப்பு, சோப்பு ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். சென்ற முறை தண்ணீர் புகுந்ததால் உயரமான பரணில் மூடியிட்ட தூக்குகளில் வையுங்கள். ரேஷன் கடையில் இலவச அரிசியோடு துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. மாதக் கடைசியில் போனால் இருப்பு இல்லை என்பார்கள். இருப்பு வந்த உடனே போய் வாங்கிவிடுங்கள். வெளியில் இவற்றுக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் அந்த அரை நாள் காத்திருப்பு நட்டமில்லை.

கெடிலக்கரை இல்லத்தரசி:

இருவருக்கும் நன்றி. கணக்கு புரிகிறது, ஆனால் இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் கேள்வி கேட்காமல் பணம் தருபவர் தண்டல்காரர் ஒருவர்தான். அவரை விட்டுவிட்டால் அவசரத்துக்கு யாரிடம் போவது? மேலும், சங்கிலி அம்மாவின் நினைவு என்பதால் அதைத்தான் முதலில் மீட்க வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார்.

பதில் 3: முத்தியால்பேட்டை ஆசிரியை (புதுச்சேரி)

சகோதரி, உங்கள் கணவரின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். நகை என்பது பெண்ணுக்குத் தைரியம். ஆயினும் சங்கிலியை மீட்பதற்கு முன்னால் அதை இடம் மாற்றலாம். அடகுச் சீட்டில் ஓர் ஆண்டு ஏழு நாள் என்று கெடு இருக்கும். அது முடிவதற்குள் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் விசாரியுங்கள். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் 60,000 ரூபாய்க்கு மாத வட்டி 500 ரூபாய்தான். இப்போது கட்டும் 1,200 ரூபாயில் 700 ரூபாய் மிஞ்சும். அதை அசலில் கட்டிக்கொண்டே வந்தால் சங்கிலி தானாகவே அருகில் வரும். மீட்ட அன்றே வங்கியில் வைக்கும்படி, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் ஒருநாள் கைமாற்றாக அந்தத் தொகையைக் கேட்டுப் பாருங்கள். நானும் என் வளையலை இப்படித்தான் மாற்றினேன்.

அவசரத்துக்குத் தண்டல்காரர் என்பதற்குப் பதிலாக, உங்கள் தெருவில் மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் அதில் சேருங்கள். குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்குச் சிறுகடன் தருவார்கள். அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும். இப்போதுள்ள வாரக் குழுக் கடனைப் பொறுத்தவரை, 2022 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, நுண்கடனைக் கெடுவுக்கு முன்பே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. தண்டலை நிறுத்தியதற்காக யாராவது மிரட்டினால், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது; காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தெரிந்தவர் என்ற ஒரே நம்பிக்கையில் பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டில் ஓராண்டு கட்டி, 12,000 ரூபாயை நான் இழந்தேன். சீட்டு நடத்தியவர் ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டார். அன்று என் பிள்ளைகளுக்குப் புதுத்துணி வாங்க முடியவில்லை. அந்த வேதனை இன்னும் இருக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பு பாதுகாப்பானதுதான். ஆனால் ஐந்தாண்டுக் கெடுவுள்ள அது மழைக்காலப் பணத்துக்கு ஏற்றதல்ல. உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு போதும். அதே கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் பிரதமர் பெயரிலான திட்டங்களில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு. சாரத்தில் ஏறி வேலை செய்பவரின் குடும்பத்துக்கு இவை கட்டாயம் வேண்டும்.

மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டாம் என்பது ஓர் ஆசிரியையாக என் உறுதியான கருத்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் கல்லூரிக் காலத்தில் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கிடைக்கும். ஆறாம் வகுப்பில் மாற்றினால் இரண்டும் போய்விடும். அந்த 25,000 ரூபாயில் சிறு பகுதியை நூல்களுக்குச் செலவிட்டு, மாலையில் அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்:

ஆசிரியை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிவு இலவசம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித் தொகை உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீடும், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. புதுப்பிக்காமல் விட்டதால் இவற்றை இழந்த பல கொத்தனார்களை எனக்குத் தெரியும்.

கெடிலக்கரை இல்லத்தரசி:

பதிந்திருக்கிறார், அட்டையை எடுத்துப் பார்த்தால் புதுப்பிக்கும் நாள் கடந்த ஆடியிலேயே முடிந்திருக்கிறது. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டோம். இன்று இரவு இருவரும் உட்கார்ந்து இந்தப் பதில்களை முழுவதும் படித்தோம். அவருக்குச் சனிக்கிழமைதான் கூலி வரும் என்பதால், அன்றே 700 ரூபாயைத் தனியே எடுத்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்து, திங்கட்கிழமை காலையில் நான் வங்கியில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். மகள் பள்ளி மாறவில்லை என்று கேட்டு, தோழிகளைப் பிரிய வேண்டாம் என்பதால் மகிழ்ந்துவிட்டாள்.

தேவனாம்பட்டினம் அக்கா:

தங்கை, மழைக்கு வேலை நின்ற வாரத்தில் அந்த 700 ரூபாயைப் போட முடியாது. அதற்காக மனம் தளர்ந்து அடுத்த வாரமும் விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போகும்போது பாஸ்புத்தகத்தில் பதிந்து வாங்கி வந்து கணவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்த பிறகுதான் அவர் தானாகவே கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தார்.