தைராய்டு புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறது. அயோடின் சிகிச்சையை ஏன் தள்ளிவைக்கிறார்கள்?

கம்பத்து மகள்:
அம்மாவுக்கு வயது 61. 2017இல் தைராய்டை முழுவதும் எடுத்து, கதிரியக்க அயோடின் மருந்தும் கொடுத்தார்கள். பாப்பிலரி என்ற வகைப் புற்றுநோய். கொஞ்ச நாளாகக் கோலம் போடும்போது வலக்கை புள்ளியை விட்டு விலகிப் போகிறது. மாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டுகிறது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். நோய் திரும்புகிறதா என்று இரத்தத்தில் பார்க்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் அயோடின் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, பெட் ஸ்கேனிலும் மூளையைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்கிறார்கள். அண்ணனோ, "அன்றைக்குக் குணமாக்கியது அயோடின்தானே, தலையைத் திறப்பானேன்?" என்கிறான். அவன் பேச்சைக் கேட்டு, அம்மா அயோடின் சிகிச்சைக்குத் தயாராக, அயோடின் இல்லாத உப்பு வாங்கிவைத்துவிட்டார். தைராய்டு மாத்திரையையும் நிறுத்தப் போகிறாராம். சரிதானா?

தஞ்சைவாசி:
என் மாமனாருக்கு நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவியது. காமா நைஃப் என்ற, கட்டியைக் குறிவைக்கும் கதிர்வீச்சு செய்தார்கள். பெயரில்தான் கத்தி, வெட்டே கிடையாது. தலையில் சட்டம் பொருத்தும்போது வலித்தது என்றார், அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் கட்டி பெரியதோ என்னவோ, அதனால் அறுவை என்கிறார்களோ?

அயோடின் வார்டுக்காரி:
மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். இன்றே அம்மாவிடம் சொல்லுங்கள். நான் டாக்டர் அல்ல. அயோடின் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

மாத்திரையை நிறுத்தினால், தைராய்டு செல்களைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறும். அது ஏறினால்தான் செல்கள் அயோடினை இழுக்கும். ஆனால் அதே டி.எஸ்.எச். கட்டியையும் வீங்க வைக்கக்கூடும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? ஊசி போட்டு டி.எஸ்.எச்.சை ஏற்றினாலும் இதே பயம் உண்டு. அதனால்தான் முதலில் மூளைக் கட்டிக்கு வழி செய்கிறார்கள். பிறகு அயோடின் தேவைப்பட்டால், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தின் பாதுகாப்போடு கொடுப்பார்கள்.

உங்கள் அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். தைரோகுளோபுலின் ஏறியும் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதென்றால், நோய்ச் செல்கள் அயோடினை இழுக்கும் குணத்தையே இழந்திருக்கலாம். இழுக்காத செல்லை அந்த மருந்து என்ன செய்யும்? பெட் ஸ்கேனையும் குறைசொல்ல முடியாது, அது குளுக்கோஸை அதிகம் தின்னும் இடங்களைக் காட்டுவது. மூளை எப்போதும் குளுக்கோஸைத் தின்று பளீரென்று தெரியும். சிறு கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். மூளைக்கு எம்.ஆர்.ஐ.தான்.

பாப்பிலரி மூளைக்குப் போவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்குத்தான். ஆனாலும் "நல்ல புற்றுநோய்" என்று சொல்லி அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எடுத்த திசுவில் பி.ராஃப், ரெட், என்.டி.ஆர்.கே. மரபணு மாற்றங்களைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், ரெட், என்.டி.ஆர்.கே. இணைவு இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. லென்வாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும், இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அறுவைப் புண் ஆறும்வரை தொடங்கமாட்டார்கள்.

கம்பத்து மகள்:
நன்றி அக்கா. மாத்திரையை நிறுத்தவில்லை, அண்ணன் இன்னும் முணுமுணுக்கிறான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கியதும் கை ஓரளவு தேறியது. ஆனால் சர்க்கரை 280 காட்டுகிறது, இரவெல்லாம் விழித்திருக்கிறார். அந்த மாத்திரையைக் குறைக்கலாமா?

அயோடின் வார்டுக்காரி:
நீங்களாகக் குறைக்காதீர்கள், திடீரென்று நிறுத்தவே கூடாது. சர்க்கரை ஏறுவதும் தூக்கம் கெடுவதும் அந்த மருந்தால் வருவதுதான். 280 என்பதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், இன்சுலின் தேவைப்படலாம். மாலை வேளை மருந்தை முன்னதாகக் கொடுக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.